தாலமியாரின் இரு நூல்கள்: கண்டு கூறலும் கருதிக் கூறலும்

விண்ணை நோக்கி வியத்தல் மக்கள் எல்லார்க்கும் பொதுவாய இயல்பு. அவ்வியப்பு இருவேறு தொழிலாகக் கிளைத்து வளர்ந்தமை பழைய நாடுகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு இனிது புலனாம். ஞாயிறும் திங்களும் கோள்களும் விண்மீன்களும் எங்கே நிற்கின்றன, எவ்வாறு இயங்குகின்றன எனக் கண்டு எழுதி வைத்தல் ஒன்று. அவற்றின் நிலைகொண்டு நாட்டிற்கும் அரசற்கும் தனி மகனுக்கும் வரும் நன்மை தீமைகளை முன்னர்க் கூறுதல் மற்றொன்று. முன்னையதை வானநூல் என்றும் பின்னையதைச் சோதிடம் என்றும் இக்காலத்தார் பிரித்து வழங்குப. பண்டையோர் பலர் இவ்விரண்டனையும் ஒரு கலையின் இரு கூறாகவே கொண்டனர். இரண்டற்கும் தனித்தனியே நூல் செய்து, இரண்டிலும் பின்வந்தோர்க்கு ஆசிரியராய் நின்றவர் கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமியார் ஆவர். ஒருவரே செய்த அவ்விரு நூல்களும் ஒத்த மதிப்புடையனவோ, அன்றோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சியால் ஆய பயன் என்னையெனின், கூறுதும் என்று புகுவார் பலரும் 'பெரியார் ஒருவர் கூறினார். ஆகலின் அது மெய்' என்னும் முறையையே சோதிடத்திற்கு அரணாகக் காட்டுவர். கிரகணங்களை வழுவின்றிக் கணித்த அறிஞரே பிறப்போரைப் பலனும் கூறினாராகலின், முன்னதை நம்புவார் பின்னதையும் நம்பல் வேண்டும் என்பது அவர் கூற்று. இக்கூற்றின் வன்மை மென்மைகளை அறிதற்குத் தாலமியாரின் நூல்களினும் சிறந்த இடம் பிறிதில்லை.

முதற்கண், அவர்க்கு முற்பட்ட பாபிலோனியரின் நிலை அறிதற்பாலது. 'எனூமா அனு என்லில்' என்னும் பெயரால் வழங்கும் குறிநூல் ஏறக்குறைய எழுபது களிமண் ஏடுகளையுடையது. திங்கள் இவ்வாறு மறைந்தால் அரசற்கு இன்னது ஆகும், வெள்ளி இவ்வாறு தோன்றினால் விளைவு இன்னதாகும் என்னும் வாய்பாட்டால் ஆயிரக்கணக்கான குறிகள் அதன்கண் தொகுக்கப்பட்டுள்ளன. இக்குறிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கி. மு. 681 முதல் 669 வரை ஆண்ட அசிரியப் பேரரசன் எசர்ஹத்தோன் காலத்தில், அரசற்குக் கேடு காட்டும் கிரகணம் நிகழ்ந்தபோது வேறொருவனை அரியணையில் இருத்தி, அக்கேட்டினை அவன் தலைமேல் ஏற்றி, குறித்த காலம் கழிந்தபின் அவனைக் கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. அரண்மனைக்கு எழுதப்பட்ட கடிதங்களே இதற்குச் சான்று. உண்மையரசன் உயிரோடிருந்தமை அச்சடங்கின் வெற்றியாக எண்ணப்பட்டது. அவனுக்காக மாண்டவன் மாளாது இருந்திருப்பின் அரசற்கு யாது நேர்ந்திருக்கும் என வினவுதற்கு அவ்வாய்பாட்டில் இடமில்லை.

ஆயினும் அப்பாபிலோனியரே பிறிதொரு தொழிலும் செய்தனர். திங்களும் கோள்களும் நின்ற இடம், காற்று, மழை, யூப்பிரத்தீசு ஆற்றின் நீர்மட்டம், வாற்கோதுமை, பேரீச்சம்பழம், எள், கம்பளி முதலியவற்றின் விலை ஆகியவற்றை இரவுதோறும் பகல்தோறும் குறித்து வைத்தனர். இன்று எஞ்சியுள்ள அக்குறிப்பேடுகளுள் மிகப் பழையது கி. மு. 652-ஆம் ஆண்டினது; மிகப் பிந்தியது கி. மு. 61-ஆம் ஆண்டினது. ஏறக்குறைய அறுநூறு ஆண்டு, அரசுகள் மாறியும் மொழிகள் மாறியும், இத்தொழில் மாறாது நடைபெற்றது. கி. மு. 323-இல் அலெக்சாந்தர் பாபிலோனில் இறந்த செய்தியும், அன்று மேகம் இருந்ததென்னும் செய்தியும் அவ்வேட்டில் அருகருகே காணப்படுகின்றன. மேகம் மூடியமையால் காணப்படாதவற்றைக் காணப்படவில்லை என்றே அவர்கள் எழுதினர். இஃதொரு சிறு செய்தி போலத் தோன்றினும், பின்னர்க் கூறப்படுவனவற்றிற்கெல்லாம் இதுவே உரைகல்லாம் என்க.

இனி, தாலமியாரின் முதல் நூல் 'கணிதத் தொகுப்பு' என்னும் பொருள்படும் பெயரால் யவன மொழியில் பதின்மூன்று பகுதியாக இயற்றப்பட்டது. அராபியர் அதனை 'அல்மஜிஸ்தி' என வழங்க, அதுவே மேலைநாட்டில் 'அல்மாகெஸ்ட்' எனத் திரிந்தது. பாபிலோனில் கி. மு. 721, 720 ஆண்டுகளில் காணப்பட்ட மூன்று திங்கட் கிரகணங்களை எடுத்துக்கொண்டு, அந்நகர்க்கும் அலெக்சாந்திரியாவுக்கும் உள்ள நேர வேறுபாட்டைக் கழித்து, அவற்றைத் தம் காலத்துக் கிரகணங்களோடு ஒப்பிட்டுத் திங்களின் இயக்கத்தை அளந்து காட்டுகின்றார். நாற்பத்தெட்டு மீன்கூட்டங்களாக வகுத்து 1,022 விண்மீன்களின் இடங்களை அட்டவணைப்படுத்துகின்றார். எக்கருவியால், எந்நாளில், எந்நேரத்தில் கண்டது என்பதனை உடன்கூறுதல் இந்நூலின் நெறி.

இந்நூல் குற்றமற்றதன்று. நிலவுலகம் நடுவில் நிலைபெற்று நிற்க, ஞாயிறு முதலிய யாவும் அதனைச் சுற்றிவரும் என்பது அதன் கொள்கை. அது பிழையென 1543-ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நிறுவப்பட்டது. விண்மீன்கள் நூறாண்டுக்கு ஒரு பாகை நகரும் என்றார். அஃது உண்மையில் ஏறக்குறைய எழுபத்திரண்டு ஆண்டில் நிகழ்வது. கி. பி. 132, 139, 140 ஆண்டுகளில் இரவும் பகலும் ஒத்த நாட்களைத் தாமே கண்டதாகக் குறித்த பொழுதுகள் ஒரு நாளுக்கு மேல் பிழைபட்டுள்ளன. தம் கணக்கிற்கு இயையும்படி காட்சியைத் திருத்திக்கொண்டார் என அவரைக் குறைகூறும் அறிஞரும் உளர். இக்குறையை மறைத்து அவரைப் புகழ்தல் நடுவுநிலையன்று.

ஆயின் இப்பிழைகள் யாவும் எவ்வாறு வெளிப்பட்டன என்பதே ஓர்தற்குரியது. நாளும் நேரமும் பாகையும் அவரே கூறிவைத்தமையால் அன்றோ அவை வெளிப்பட்டன? விண்மீன்களின் நகர்ச்சியை அல்-பத்தானி என்னும் அராபிய அறிஞர் திருத்தியது தாலமியாரின் எண்களோடு தம் எண்களை ஒப்பிட்டே. செவ்வாயின் இடத்தில் எட்டுக் கலையளவே தோன்றிய வேறுபாட்டைப் பொறுக்கமாட்டாமல் கெப்ளர் 1609-இல் கோள்களின் பழைய வட்ட நெறியையே கைவிட்டார். பாகையொன்றுக்கு அறுபது கலை. அவற்றுள் எட்டே கலை ஆயிரத்து நானூறு ஆண்டுக் கொள்கையைச் சாய்த்தன. தான் பிழைபட்டால் அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவியைத் தன்னுள்ளேயே வைத்திருத்தல் அல்மாகெஸ்டின் தலையாய பெருமை என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நூல் 'தெத்திராபிப்லோஸ்' என்பது. நான்கு பகுதியுடையது என்பது அப்பெயரின் பொருள். முன்னைய நூல் யாருக்கு முன்னிலைப்படுத்தி உரைக்கப்பட்டதோ, அதே சீருஸ் என்பார்க்கே இதுவும் உரைக்கப்பட்டது. வானத்தின் இயக்கம் அறியும் கலை தன்னளவில் நிறைவும் உறுதியும் உடையது என்றும், அதனால் பலன் அறியும் கலை அத்துணை உறுதியுடையதன்று என்றும் ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றார். பின்வந்த சோதிட நூலார் பலர்பால் காணப்படாத இந்நேர்மை பாராட்டற்பாலது. மகன் ஒருவனுடைய இயல்பு வித்தினாலும் பிறந்த நிலத்தினாலும் வளர்ப்பினாலும் வழக்கத்தினாலும் வேறுபடும் என்பதனையும், கோள்களால் வருவன யாவும் விலக்கலாகாதன அல்ல என்பதனையும் அவர் மறுத்திலர். இத்துணைத் தெளிவுடைய ஒருவர் எவ்விடத்தில் வழுவினார் என்பதே காணவேண்டுவது.

அவர்தம் முதற்காரணம் இது: ஞாயிறு பருவங்களை ஆக்குகின்றது, திங்கள் கடலைப் பொங்கச் செய்கின்றது, ஆகவே ஏனைக் கோள்களும் நிலவுலகின்மேல் ஆற்றல் செலுத்தும். இதில் முதலிரண்டும் உண்மை. ஞாயிறு அணுகியவழி வெம்மையும் அகன்றவழித் தண்மையும் உண்டாதல் யாவர்க்கும் காட்சி. உள்வழி உண்டாதலும் இல்வழி இன்றாதலும் ஆகிய இருவகையாலும் அது நிறுவப்படும். காரியைப்பற்றி அவர் கூறுவது யாது? அது குளிரச் செய்யும் தன்மையது. என்னையெனின், ஞாயிற்றின் வெம்மைக்கு மிகச் சேய்மையில் உள்ளதாகலின் என்பர். செவ்வாய் எரிக்கும் தன்மையது. அதன் நிறம் தீயை ஒத்திருத்தலானும் அது ஞாயிற்றுக்கு அண்மையில் இருத்தலானும் என்பர்.

இது பொருந்தாது, என்னை? ஞாயிற்றின் வெம்மை தன்னைச் சேராத ஒரு பொருள் தான் குளிர்ந்திருக்கலாம். அதனால் நெடுந்தொலைவில் உள்ள பிறிதொன்றைக் குளிரச் செய்யும் என்பது போதராது. நிறம் ஒத்தமை பற்றித் தொழிலும் ஒக்கும் எனின், செந்நிறமுடைய மலரும் எரித்தல் வேண்டும். புகை கண்டு தீயுண்மை கருதுவார், அடுக்களை முதலிய இடங்களில் அவ்விரண்டன் உடனிகழ்ச்சியை முன்னர்க் கண்டவர். காரி ஓரிடத்து நின்றபோதெல்லாம் மக்களுக்கு இன்னது நிகழ்ந்தது, நில்லாதபோது நிகழவில்லை என ஒரு பட்டியேனும் இந்நூலில் இல்லை. மூன்று கிரகணம் கொண்டு திங்களை அளந்த கையே இந்நூலில் ஒரு பிறப்போரையையேனும் எடுத்துச் சோதித்துக் காட்டிற்றிலது. அளவை அறிந்தவர் அளவையைக் கைவிட்ட இடம் இதுவே என்க.

ஓரைகளின் இயல்பை அவர் பருவங்களின் இயல்பிலிருந்தே பெறுகின்றார். மேடம் இளவேனிலின் தொடக்கமாதலின் அதற்கு ஓர் இயல்பு என்றாற்போல. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே அதே நாளில் தொடங்குவது இலையுதிர் பருவம். அங்குப் பிறந்தார்க்கு மேடம் எதிரான இயல்பு தருதல் வேண்டும். தெற்கேயும் நாடுகள் உண்டென்பதைத் தம் நிலநூலில் அறிந்து கூறியவர், இம்மாறுபாட்டிற்கு விடை கூறாது போயினார்.

சோதிடத்தின்மேல் முன்னரே எழுந்த தடைகளுக்கு அவர் கூறும் விடை அடுத்து நோக்கத்தக்கது. கி. மு. 44-ஆம் ஆண்டில் உரோமப் பேச்சாளராகிய சிசரோ குறிபார்த்தலைப் பற்றி இயற்றிய நூலில், கன்னே என்னும் போர்க்களத்தில் மாண்டோர் அனைவரும் ஒரே பிறப்போரையில் பிறந்தவரோ என வினவினார். கி. மு. 216-இல் நிகழ்ந்த அப்போரில் பல்லாயிரம் உரோமர் ஒரே பகலில் வீழ்ந்தனர். தாலமியார் நூலில், கொள்ளை நோய், பெருந்தீ, வெள்ளம் ஆகியவற்றால் பலர் ஒருங்கே மாய்தல் தனி மகன் பிறப்போரையால் ஆவதன்று, பொதுக்காரணத்தால் ஆவது, சிறிய காரணம் பெரிய காரணத்திற்கு அடங்கும் என்னும் கருத்துக் காணப்படுகின்றது. கேட்பதற்கு இனிய விடையே இது. ஆயின் இதனை ஏற்றபின் சோதிடம் பொய்க்கும் இடம் யாது? கூறியது பலித்தால் பிறப்போரையின் ஆற்றல். பலியாதாயின் பெரிய காரணத்தின் ஆற்றல். இன்னும் பலியாதாயின் கலையின் குற்றமன்று, கற்றார் குற்றம். மருத்துவரும் மாலுமியரும் பிழைப்பது கொண்டு மருத்துவத்தையும் மாலுமித் தொழிலையும் பழிப்பாரோ என்பர். பழியார் என்பது மெய்யே. மருத்துவன் பிழைத்தவிடத்து நோயாளன் உடம்பே அப்பிழையைக் காட்டும். மாலுமி பிழைத்தவிடத்துப் பாறை காட்டும். சோதிடன் பிழைத்தவிடத்துக் காட்டுவது ஒன்றும் இன்மையின் உவமை பொருந்திற்றிலது. எவ்வாற்றானும் தோலாத வழக்கு, மெய்யாதலின் தோலாததன்று. தோற்றற்குரிய மன்றத்திற்கே வாராமையின் தோலாதது.

இரட்டையர் பற்றிய தடையும் பழையது. ஒரே கருவில் தோன்றிச் சிறிது நேர இடையீட்டில் பிறந்த இருவர் வாழ்வு வேறுபடுவது எங்ஙனம் என்பார்க்கு, நிகிதியுஸ் என்னும் உரோமர் சுழலும் குயவன் திகிரியில் விரைந்து இருமுறை மை தொட்டுக் காட்டினார். திகிரி நின்றபின் அவ்விரு புள்ளிகளும் சேய்மையில் கிடந்தன. வானமும் அத்துணை விரைவாகச் சுழல்கின்றமையால் சிறு நேர வேறுபாடும் பெருவேறுபாடாம் என்பது அவர் கருத்து. கி. பி. 413-இல் தொடங்கி எழுதிய 'இறைவன் நகரம்' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில் அகுஸ்தீனார் இவ்விடையையே எடுத்து அதனை விடுத்தாரை நோக்கித் திருப்பினார். அத்துணைச் சிறு நேரமும் வாழ்வை வேறுபடுத்துமாயின், அத்துணை நுட்பமாகப் பிறந்த நேரம் அறியாத சோதிடர் எதனைக் கொண்டு பலன் உரைப்பர் என்பது அவர் வினா. நிழற்கடிகை நிறுத்திய இடத்தாலும் கோல் பெயர்ந்தமையாலும் பிழைக்கும், நீர்க்கடிகை ஒழுக்கின் ஏற்றத்தாழ்வால் பிழைக்கும் எனத் தாலமியாரே எழுதியிருத்தலின், இவ்வினாவின் கூர்மை அவர் நூலினுள்ளேயே கிடந்தது எனலாம்.

இவையெல்லாம் நூலளவில் நிகழும் வழக்கென்று அமையலாமோ எனின், அமையலாகாது. தெத்திராபிப்லோசின் இரண்டாம் பகுதி நாடுகளை ஓரைகளுக்கும் கோள்களுக்கும் பங்கிட்டு, அவ்வந் நாட்டு மக்களின் இயல்பைக் கூறுகின்றது. பிரித்தனும் செர்மானியமும் மேடத்திற்கும் செவ்வாய்க்கும் உரியன. ஆதலின் அங்குள்ளார் கொடியர், விலங்கின் தன்மையர் என்கின்றது. இந்தியா மகரத்திற்கும் காரிக்கும் உரியது. ஆதலின் இந்நாட்டார் அழகிலர், தூய்மையிலர், விலங்கையொப்பர் என்கின்றது. தாலமியாரே இயற்றிய நிலநூலை இதனோடு வைத்து நோக்குக. முசிறித் துறையும், காவிரியின் பெயர் தாங்கிய துறைமுகமும், பாண்டியர் கோநகராகிய மதுரையும் அந்நூலில் தத்தம் நெடுக்கும் குறுக்கும் குறிக்கப்பட்டு இடம்பெற்றுள்ளன. அவ்விடச் செய்திகள் சென்று மீண்ட வணிகர் வாயிலாகக் கிடைத்தவை. தென்னிந்தியாவின் கூம்பிய வடிவை அவர் தட்டையாக வரைந்ததும், ஈழத்தை அதன் உண்மை அளவினும் பன்மடங்கு பெருக்கியதும் பிழைகளே. ஆயின் பின்னர் வந்த மாலுமியர் அப்பிழைகளைத் திருத்திவிட்டனர். மகரத்திற்குரியார் விலங்கையொப்பர் என்னும் உரையை எந்த மாலுமி எந்தக் கருவி கொண்டு திருத்துவன்? வணிகர் கண்டு கூறியது ஒருபுறம் இருக்க, காணாதார் கருதிய இழிவுரை கோள்களின் பெயரால் அறிவுநூல் என்னும் போர்வை போர்த்து ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படியெடுக்கப்பட்டு வருகின்றது. அசிரியாவில் அரியணையில் இருத்திக் கொல்லப்பட்டவனுக்கும், ஒருமுறையேனும் காணாது இழித்துரைக்கப்பட்ட நாட்டார்க்கும் நேர்ந்தது ஒன்றே: தம்மை நேரே கண்டு அறிதற்கு முன் தம்மைப்பற்றித் தீர்ப்பு எழுதப்பட்டமை.

அற்றேல், சோதிட ஆசையின்றேல் வானநூலே வளர்ந்திராது. அரசர் பொருள் ஈந்ததும் பலன் அறியும் பொருட்டே. ஆகலின் சோதிடத்தைப் பழித்தல் நன்றி மறத்தலாம் என்பாரும் உளர். இக்கூற்றில் உண்மை உண்டு. கெப்ளரும் 1608-இல் வாலன்ஸ்தைன் என்னும் படைத்தலைவனுக்குப் பிறப்போரை கணித்தவரே. வடமொழி வழியாக இந்நாட்டுக் கணிதர் இன்றும் வழங்கும் 'கேந்திரம்' என்னும் சொல் யவனமொழியின் 'கெந்திரோன்' என்பதன் திரிபாதலும், இக்கலை நாடுவிட்டு நாடு சென்றபோது வானக்கணிதமும் உடன்சென்றமையைக் காட்டும். ஆயினும் ஊதியம் தந்தது வேறு, உண்மை தந்தது வேறு. பொன் கிடைக்கும் என்னும் ஆசையால் நிலத்தை அகழ்ந்தவன் நீரூற்றைக் கண்டானாயின், நீர்க்கு நன்றி கூறலாம். பொன் கிடைத்ததெனக் கூறலாகாது.

இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டும் உண்டு. கி. மு. 136-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் பாபிலோனில் ஞாயிறு முழுதும் மறைந்தது. வெள்ளியும் அறிவனும் விண்மீன்களும் தோன்றின. காணப்படாத காலத்தில் இருந்த வியாழனும் செவ்வாயும் அவ்விருளில் காணப்பட்டன எனக் கண்டோர் களிமண் ஏட்டில் எழுதினர். அவ்வேடுகள் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. நிலவுலகம் இன்று சுழலும் வேகத்திலேயே என்றும் சுழன்றதெனக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அம்முழுமறைவு பாபிலோனுக்கு நெடுந்தொலை மேற்கே சென்றிருத்தல் வேண்டும். ஏட்டிற்கும் கணக்கிற்கும் மூன்று மணிக்கு மேல் வேறுபாடு காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டையும் இதனையொத்த பிற பழங்குறிப்புகளையும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட அறிஞர், நாளின் நீளம் நூறாண்டுக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 1.8 கூறு வீதம் மிகுந்து வருகின்றதென நிறுவினர். நிலவுலகின் சுழற்சி தளர்ந்து வருதலை அளந்து காட்டும் சான்று, பெயரறியப்படாத அக்காவலாளரின் கண்ணே ஆயிற்று.

அக்கிரகணத்தால் எந்த அரசற்கு எத்தீமை வரும் என அஞ்சினாரோ, அவ்வரசும் அச்சமும் ஒருங்கே மறைந்தன. கண்டது கண்டவாறு எழுதியது மட்டும் இரண்டாயிரத்து நூறு ஆண்டு கழித்துத் தான் எண்ணாததொரு பயனைத் தந்தது. கண்டதனைக் கண்டதென்றும் காணாததனைக் காணவில்லை என்றும் எழுதும் நெறி பாபிலோனியக் குறிப்பேட்டிலும் அல்மாகெஸ்டிலும் உண்டு. குறிநூலிலும் தெத்திராபிப்லோசிலும் இல்லை. ஆதலின் ஆசிரியர் ஒருவரே என்பதுபற்றி நூல்களின் மதிப்பும் ஒன்றே எனக் கொள்ளற்க. தாலமியாரைப் போற்றுவார், அவர் பிழையைத் தாமே காணும்படி எண்ணோடு எழுதிவைத்த நூலை முன்வைத்துப் போற்றுக. பிறப்புக்குறி ஒன்றால் ஒருவனையேனும் ஒரு நாட்டையேனும் அளக்கப் புகுவார், அளக்கும் கோலை முன்னர் அளந்து காட்டுக என்பது இதுகாறும் கூறியவாற்றான் இனிது விளங்கும்.